சுண்ணாம்புக் கோடும் சின்னக் கூடையும்

சரிவில் தடதடவென்று ஓடி இறங்குகிற பிள்ளைகள் சமதரையில் ஏன் தடுக்கி விழுகிறார்கள்? பத்தொன்பது வயதில் என் மண்டையைக் குடைந்த கேள்வி இதுதான். வீட்டில் ஒரு பக்கம் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வயதுப் பெண்ணுக்கு யோசிக்க வேறு விஷயமா இல்லை என்று கேட்டால், இருந்திருக்கலாம். எனக்கு என்னவோ இதுதான் பிடித்துக்கொண்டது.

இலங்கை மலைநாட்டில், வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி மூன்று மைல் மேலே நடந்தால் எங்கள் தோட்டம். சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியும் பெரிய பங்களாவில் வெள்ளைக்காரத் துரையே இருந்தார். அப்பாவுக்குத் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை. நான் கொட்டகலையில் மாமா வீட்டில் தங்கி எட்டாம் வகுப்பு வரை படித்தவள் என்பதால், என்னைக் கொழுந்து பறிக்க மலைக்கு அனுப்பாமல் பிள்ளைக் காம்பராவில் போட்டார்கள். தாய்மார் மலைக்குப் போகும்போது பள்ளிக்கூட வயது வராத பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற ஒற்றை அறைக்குத்தான் அந்தப் பேர். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் பேர் கொடுக்க ஓடுகிற அவசரத்தில், பிள்ளைகளைக் கம்பளியோடு என் கையில் திணித்துவிட்டுப் போவார்கள். கைக்குழந்தைகள் உத்தரத்தில் கட்டிய சேலைத் தொட்டில்களில். நடக்கிறதுகள் தரையில். பால் காய்ச்சுவது, மூக்குத் துடைப்பது, சண்டை விலக்குவது எல்லாம் நான் ஒருத்திதான். ஆபீஸ் புத்தகத்தில் என் உத்தியோகம் 'ஆயா' என்று எழுதியிருந்தது. பத்தொன்பது வயதில் ஆயா! நல்ல காலம், தாய்மார் என்னைத் தங்கச்சி என்றார்கள், பிள்ளைகள் சித்தி என்றன.

நான் வேலைக்குச் சேர்ந்த வருஷந்தான் காம்பராவின் மண் தரையை எடுத்துவிட்டு சீமெந்து போட்டிருந்தார்கள். துரைக்கு அதில் ரொம்பப் பெருமை. ஆனால் அந்த வழவழப்பில் பிள்ளைகள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்திலிருந்து தண்ணீர் பிடிக்கிற பீலிக்கு இறங்கும் செங்குத்துப் படியில், கையில் ரொட்டித் துண்டோடு திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடுகிற அதே பிள்ளைகள்! சரிவில் விழாததுகள் இங்கே விழுந்தன.

நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. அடுப்பு முன்னால் உட்கார்ந்து பாலைக் கிண்டிக்கொண்டே அவர்கள் கால்களையே நாள் முழுக்கப் பார்த்தேன். சரிவில் பிள்ளை முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, பெருவிரலால் மண்ணைக் கவ்விக்கொண்டு நடக்கிறது. சீமெந்தில் கவ்வ ஒன்றுமில்லை. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. உடம்பை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று அதற்குப் புரியவில்லை. தரை சமமாக இருப்பதுதான் அவர்களுக்குக் குழப்பம் என்று எனக்குத் தோன்றியபோது, அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை. சாயங்காலம் ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன்.

"பாலு தீஞ்சு போகாம பாத்துக்க" என்றார் அப்பா.

வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்பு ஒரு வாளியில் கிடந்தது. ஒரு பழைய துணியைச் சுருட்டி அதில் தோய்த்து, வாசலிலிருந்து எதிர்ச் சுவர் வரை ஒரு கோடு போட்டேன். "கோட்ட விட்டு எறங்குனா கான்ல விழுந்த மாதிரி" என்றேன். கான் என்றால் லயத்து ஓரமாக ஓடுகிற சாக்கடை. அதில் ஒரு தடவையாவது விழாத பிள்ளை எங்கள் தோட்டத்தில் கிடையாது. அதனால் விளையாட்டு உடனே பிடித்துப்போயிற்று. முதலில் கோட்டின் மேல் சும்மா நடை. அப்புறம் ஒரு காலின் விரலை மறு காலின் குதி தொட்டபடி அடிமேல் அடி. பிறகு பின்பக்கமாக. நான் பால் சட்டி மூடியைக் கரண்டியால் தட்டுவேன். தட்டுகிற வரை நடக்க வேண்டும், நிறுத்தினால் தூக்கிய காலைத் தூக்கியபடியே நிற்க வேண்டும். ஒற்றைக் காலில் தள்ளாடிக்கொண்டு அவர்கள் சிரிப்பை அடக்குவதைப் பார்ப்பதற்காகவே, அடுத்த தட்டலை வேண்டுமென்றே தாமதிப்பேன்.

அடுத்ததாக, காலியான டின்பால் டப்பாவில், எங்கள் பேச்சில் பேணியில், விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிக் கையில் கொடுத்தேன். அங்கேதான் இன்னொன்று தெரிந்தது. தண்ணீரையே முறைத்துக்கொண்டு போகிற பிள்ளை சிந்தியது. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு போகிற பிள்ளை சிந்தவில்லை. கண் வேறெங்கோ இருக்கும்போது கை எப்படித் தன் பாட்டில் ஒழுங்காக இருக்கிறது? பிள்ளைகள் தூங்கிய நேரத்தில் நானே பேணியோடு நடந்து பார்த்தேன். எனக்கும் அப்படியேதான். ஒரு மாதத்தில் எல்லாப் பிள்ளைகளும் சீமெந்துக்குப் பழகிவிட்டன. ஒருத்தியைத் தவிர.

அவளுக்கு ஐந்து வயது முடியப்போகிறது. அவள் அம்மா எங்கள் மலையில் கை வேகத்துக்குப் பேர்போன கொழுந்துக்காரி. வாய் வேகத்துக்குந்தான். இதற்கு முன் பிறந்த இரண்டு பிள்ளைகளையும் கைக்குழந்தையிலேயே பறிகொடுத்தவள். மூன்றாவதாக வந்த இவளைத் தரையில் விடவே அவளுக்குப் பயம். இடுப்பு, இடுப்பை விட்டால் தொட்டில். எனக்கு முன்னால் காம்பராவில் இருந்தவளிடம், "எம்புள்ளைய கீழ விட்டுறாதீங்க" என்று சத்தியமே வாங்கியிருந்தாள். அப்படியே நாலு வயது வரை தொட்டிலில் கிடந்த பிள்ளை. கால்களில் குறை ஒன்றும் இல்லை, நடந்தாள். ஆனால் கழுத்தில் முடிந்திருந்த கம்பளியை இரண்டு கையாலும் நெஞ்சோடு இறுக்கிப் பிடித்து, தாடை நெஞ்சில் முட்ட, தன் கால்களையே பார்த்துக்கொண்டு நடந்தாள். பத்து அடிக்கு ஒரு தடவை விழுந்தாள். அழமாட்டாள். விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து, யாராவது தூக்க வருவார்களா என்று பார்ப்பாள்.

காம்பராவுக்குள் விழுந்தால் தூக்கிவிட நான் இருந்தேன். பள்ளிக்கூடம் தோட்டத்தின் அடுத்த டிவிஷனில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் போய்வர ஆற்றின் குறுக்கே ஒற்றை மரம் ஒன்றை வெட்டிப் போட்டு, மேற்பக்கத்தைத் தட்டையாகச் செதுக்கியிருந்தார்கள். பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. கீழே தண்ணீர் முழங்கால் அளவுதான், ஆனால் முழுக்கப் பாறை. வண்டி போகிற கரத்தை ரோட்டைச் சுற்றிப் போனால் இரண்டு மைலுக்கு மேல். பெரட்டுக்கு ஓடுகிற தாயால் தினம் தினம் அப்படிக் கொண்டுபோய் விட முடியாது. அந்த வருஷம் ஜனவரியில் மற்றப் பிள்ளைகளோடு அவளை அனுப்பிப் பார்த்திருக்கிறாள். பிள்ளை மரத்து முனையில் உட்கார்ந்துகொண்டது. பெரிய பிள்ளைகள் கையைப் பிடித்து இழுத்தார்கள். நாலு அடி போய் ஆற்றில் விழுந்து, நெற்றியில் இரண்டு தையல். வாத்தியார் நல்ல மனுஷன், ஆனால் இருந்தது ஒரே அறை. "அடுத்த ஜனவரியில தானா நடந்து வந்தா பேரெழுதுறேன். அதுக்கு மேல எனக்கு எடமில்லம்மா" என்று சொல்லிவிட்டார்.

பள்ளிக்கூடத்தில் பேர் எழுதாத பெண்ணுக்கு எங்கள் பக்கத்தில் மிச்சம் இருப்பது கூலியாட்கள் பேர் பதிகிற தோட்டத்துச் செக்ரோல்தான். பத்துப் பன்னிரண்டு வயதில் கூடை. ஒரு நாள் காலை, பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு அவள் அம்மா போகாமல் நின்றாள். முக்காட்டை விலக்கி, உச்சி நெற்றிக்கு மேலே முடி தேய்ந்து வழுக்கையாய்ப்போன இடத்தைக் காட்டினாள். கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டித்தான் முதுகில் தொங்கவிடுவார்கள். வருஷக்கணக்காக அந்தக் கயிறு அழுத்திய இடம் அது.

"இந்தத் தழும்பு என்னோட போகட்டும் தங்கச்சி. இவ தலையில கயிறு ஏறக்கூடாது. எப்புடியாச்சும் அந்த மரத்துல நடக்க வச்சிருங்க" என்றாள்.

"சரிக்கா, நான் பாத்துக்குறேன்" என்றேன். அத்தனை சுலபமாகத் தலையாட்டியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

வாரத்துக்கு ஒரு தடவை வருகிற டாக்டரையாவிடம் காட்டினேன். அவர் தோட்டத்து மருந்துக்காரர்தான், எங்களுக்கு டாக்டர். காதுக்குள் பார்த்தார், காலைத் தட்டினார், "பூச்சி" என்று சொல்லி மருந்து கொடுத்தார். பிள்ளை இரண்டு நாள் வெளியே ஓடியோடிப் போய்வந்ததுதான் மிச்சம். நான் கையைப் பிடித்து நடத்தினேன். பிடித்திருக்கும் வரை நடந்தாள். விட்டதும் அந்த இடத்திலேயே உட்கார்ந்தாள். கோட்டை அகலமாக்கினேன். மிட்டாய் காட்டினேன். ஒரு நாள் பொறுமை போய்க் கத்தியும் விட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் கால்களைப் பார்த்தாள்.

ஆவணி மாதம், மழை விடாமல் அடித்த ஒரு நாள். பிள்ளைகள் காம்பராவுக்குள் 'மலைக்குப் போகிற விளையாட்டு' விளையாடிக்கொண்டிருந்தன. எங்கள் பிள்ளைகள் எல்லாமே விளையாடுவதுதான். காலி டின்பால் பேணியில் நூல் கட்டி, தலையில் மாட்டி முதுகில் தொங்கவிட்டு, இலையைப் பிய்த்துத் தோளுக்கு மேலாகப் பின்னால் எறிவார்கள். இவளை எப்போதும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள், மூலையில் உட்கார்ந்திருப்பாள். அன்றைக்கு ஆள் குறைவு போலிருக்கிறது, ஒரு பெண் இவள் தலையிலும் ஒரு பேணியை மாட்டிவிட்டாள். இவள் எழுந்தாள். எதிர்ச் சுவர் வரை நடந்தாள். திரும்பி வந்தாள். விழவில்லை. பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

நூலைக் கழற்றினேன். ஆறாவது அடியில் விழுந்தாள். மாட்டினேன், நடந்தாள். மறுபடி கழற்றினேன், விழுந்தாள். பாவம், அந்தப் பிள்ளையை அன்று நான் படுத்திய பாடு! பிறகு எல்லோரும் தூங்கியதும் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு கூடையை என் தலையில் மாட்டி, கோட்டின் மேல் நானே நடந்தேன். கயிறு தலையைப் பின்னுக்கு இழுக்கிறது. அதை எதிர்த்து நெற்றியை முன்னால் தள்ள வேண்டியிருக்கிறது. கழுத்து உறுதியாகிவிடுகிறது. அதற்குப் பிறகு காலைப் பார்க்க நினைத்தாலும் முடியாது, கண் எதிரே இருக்கிற சுவருக்குத்தான் போகும். கையும் கொழுந்து கிள்ள வேண்டியதால் கம்பளியை விட்டுவிடுகிறது. அப்படியானால் அவளை நிமிர்த்தியது எது? கயிறா, கண்ணா, கையா? ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க என்னென்னவோ செய்தேன். ஒருநாளைக்குக் கண் என்று தோன்றும், மறுநாள் கை என்று தோன்றும். சரியான பதில் எனக்கு இன்றுவரை தெரியாது.

பேணி இலேசாக இருந்ததால் நூல் அடிக்கடி வழுக்கியது. கொஞ்சம் கனம் வேண்டும் என்று நினைத்தேன். தோட்டத்துக்குக் கூடை முடைகிறவரிடம் சொல்லி, ஐந்து வயதுப் பிள்ளை முதுகுக்கு அளவாக மூங்கிலில் ஒரு சின்னக் கூடை முடைந்து வாங்கினேன். அசல் கயிறு, அசல் முடிச்சு. அவ்வளவு அழகாக இருந்தது. அதில் இரண்டு விறகுத் துண்டைப் போட்டு அவளுக்கு மாட்டினேன். நிமிர்ந்து நடந்தாள். கோட்டில் நாலு தடவை போய் நாலு தடவை திரும்பினாள்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் முதல் கொழுந்தைக் கூடையில் போடும்போது, கூடை நிறையட்டும் என்று எல்லோரும் சேர்ந்து "பொலியோ பொலி" என்று சத்தமாகச் சொல்வார்கள். ஒரு பெண் முதல்முதலாக மலைக்குப் போகிற நாளில் அவள் தலையில் கயிற்றை வைத்து, சாமி கும்பிட்டு, சுற்றி நின்று இதையே சொல்வார்கள். சொல்லிவிட்டால் அவள் கொழுந்துக்காரி. இது எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவள். ஆனால் அன்றைக்கு அவள் ஐந்தாவது தடவையும் விழாமல் வந்தபோது, பிள்ளைகள் குஷியில் இலைகளைப் பிய்த்து அவள் கூடையில் போட்டு, "பொலியோ பொலி" என்று கத்தின. நானும் கையைத் தட்டிக்கொண்டு சேர்ந்து கத்தினேன்.

சன்னலுக்கு வெளியே, மலையில் வேலை வாங்குகிற கங்காணி போய்க்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தார்.

"அட, சின்னக் கொழுந்துக்காரி! பொலி சொல்லியாச்சா? அப்ப பேரு பதிஞ்சிற வேண்டியதுதான்" என்று சிரித்துவிட்டு மலைக்கு ஏறிப்போனார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. போன இடத்தில் அதே வேடிக்கையைப் பிள்ளையின் அம்மாவிடமும் சொல்லியிருக்கிறார்.

மழைக்காக இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் அவள் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. நேராகப் போய்ப் பிள்ளையின் தலையிலிருந்து கயிற்றை எடுத்துக் கூடையைத் தூக்கி எறிந்தாள்.

"நீயா பொலி சொன்ன?" என்றாள். எப்போதும் என்னை நீங்க என்று சொல்கிறவள்.

"வெளையாட்டுக்குத்தான்க்கா..."

"வெளையாட்டா? ரெண்ட மண்ணுக்குக் குடுத்துட்டு இந்த ஒண்ண வச்சிருக்கேன். இவ தலையில கயிறு ஏறக்கூடாதுன்னு ஓங்கிட்டதானே சொன்னேன்? நீயே மாட்டி, நீயே பொலியும் சொல்லி மலைக்குக் குடுத்துட்டியேடி!"

பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டாள். மற்றப் பிள்ளைகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றன. முதலில் எனக்கு வந்தது வெட்கமில்லை, கோபம். என்ன பெரிய குற்றம் செய்துவிட்டேன்? பிள்ளை நடந்ததை ஒரு வார்த்தை கேட்டாளா? மாலையில் அந்தச் சின்னக் கூடையை மூலையிலிருந்து எடுத்து ஆணியில் மாட்டியபோதுதான் அந்த வழுக்கை விழுந்த உச்சி ஞாபகம் வந்தது. அப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதன் பிறகு பிள்ளையை அவள் காம்பராவுக்கு அனுப்பவில்லை. மலையிலேயே, தான் கொழுந்து எடுக்கிற நிரையின் ஓரத்தில், கம்பளியில் சுருட்டி உட்கார வைத்திருந்தாளாம். ஞாயிற்றுக்கிழமை காலை பீலிக்கரைக்குப் போனேன். கம்பளியைக் கல்லில் அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, நான் பொலி சொன்னது தப்பு. நீங்க சொன்னதையும் மறந்துட்டேன். மன்னிச்சிருங்க" என்றேன்.

அவள் திரும்பவில்லை. கம்பளியை இன்னும் ஓங்கி அடித்தாள்.

"ஆனா ஒண்ணு மட்டும் கேளுங்கக்கா. அன்னைக்கு அவ விழவே இல்ல."

கை நின்றது. "எம்புட்டுத் தூரம்?"

"கோடு முழுக்க. போக வர அஞ்சு தடவ. கயிறு தலையில இருந்தா நிமிந்து பாக்குறா. இல்லாட்டி கால பாத்துட்டே போயி விழுகுறா. ஏன்னு எனக்கே வெளங்கல."

அவள் துவைத்த துணிகளில் இரண்டைச் சுருட்டி ஒரு சேலைத் துண்டில் மூட்டையாகக் கட்டினாள். அதைப் பிள்ளையின் முதுகில் வைத்து, துண்டின் மேல்பக்கத்தைத் தலையில் மாட்டினாள். "போ, அந்தக் கல்லு வரைக்கும் போயிட்டு வா" என்றாள். பாசி பிடித்த ஈரக் கற்கள். பிள்ளை போனாள், திரும்பி வந்தாள். அவள் மூட்டையை அவிழ்த்துவிட்டு மறுபடி போகச் சொன்னாள். மூன்றாவது அடியில் விழப்போனவளைத் தாவிப் பிடித்துக்கொண்டாள். எனக்கு வந்த அதே ஆச்சரியம் அவள் முகத்திலும் வந்ததைப் பார்த்தேன்.

"அப்ப வேண்டியது கயிறுதான். கூடை வேணாம்" என்றாள்.

மறுநாள் காலை பிள்ளை காம்பராவுக்கு வந்தது, தலையில் ஒரு பையை மாட்டிக்கொண்டு. கோதுமை மா வருகிற வெள்ளைச் சாக்கில் தைத்த பை. மில்லின் நீல எழுத்து பாதி அழியாமல் இருந்தது. தலையில் உறுத்தாமல் இருக்கப் பழைய சேலைக் கரையை நாலாக மடித்து வாராகத் தைத்திருந்தாள். பைக்குள் ஒரு சிலேட்டு. "பள்ளிக்கூடப் பை. இதுக்கு ஒருத்தனும் பொலி சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டுப் பெரட்டுக்கு ஓடினாள். இந்த யோசனை எட்டாம் வகுப்பு படித்த எனக்கு ஏன் வரவில்லை என்று அன்று முழுக்க என்னையே திட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நாங்கள் ஓயவில்லை. சுண்ணாம்புக் கோடு, பிறகு தரையில் போட்ட பலகை, பிறகு அதே பலகை கானுக்குக் குறுக்கே, பிறகு கானின் ஓரக் கட்டு. மழை விட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றுக்கே கூட்டிப்போனேன். அவளுக்குத் தைரியம் சொல்வதற்காக, அவளைப் பார்த்தபடி நான் பின்பக்கமாக மரத்தில் நடந்தேன். பிள்ளைகளுக்குப் பின்நடை சொல்லிக்கொடுத்த பெரிய குரு அல்லவா? நடு மரத்தில் தவறி ஆற்றில் போய் உட்கார்ந்தேன். பாவாடை நனைந்து, முழங்கை சிராய்த்து நான் எழுந்து பார்த்தால், அவள் மரத்து முனையில் நின்று விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்து அன்றுதான் முதலில் பார்த்தேன். மார்கழி முடிவதற்குள், கீழே தண்ணீருக்குள் நான் கூடவே வர, மரத்தைத் தாண்டப் பழகிவிட்டாள். நான் கூட வராமல் ஒரு தடவையும் தாண்டியதில்லை.

பள்ளிக்கூடம் திறந்த நாள் வந்தது. தொட்டில் பிள்ளைகளை விட்டுவிட்டு என்னால் ஆற்றுக்குப் போக முடியாது. காம்பரா வாசலில் நின்றால் சரிவுக்குக் கீழே மரம் தெரியும். அழுத ஒரு கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கே நின்றேன். கங்காணி அன்றைக்கு ஆற்றோர நிரையை அவள் அம்மாவுக்குக் கொடுத்திருந்தார். அவள் கேட்டு வாங்கினாளா, அவரே தன் வேடிக்கைப் பேச்சுக்குப் பரிகாரம் தேடினாரா, எனக்குத் தெரியாது. தேயிலைச் செடிகளுக்கு நடுவில் கொழுந்தில் கை வைத்தபடி அவள் அசையாமல் நின்றது தெரிந்தது. அக்கரையில் வாத்தியார் குடையோடு நின்றார்.

பெரிய பிள்ளைகள் ஓடித் தாண்டின. கடைசியாக அவள். தலையில் வார், முதுகில் பை. பாதி மரம் வரை நன்றாகத்தான் போனாள். அங்கே வார் வழுக்கியது. நெற்றியைத் தாண்டி, மூக்கைத் தாண்டி, கழுத்தில் வந்து விழுந்தது. அவள் நின்றுவிட்டாள். தலை குனிந்தது. தன் காலையும் காலுக்குக் கீழே ஓடுகிற தண்ணீரையும் பார்த்தாள். கை இரண்டும் நெஞ்சுக்குப் போயின. இனி உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்தேன். இடுப்பில் இருந்த குழந்தையை நான் எவ்வளவு இறுக்கினேனோ, அது வீரிட்டு அழுதது. நிரையில் நின்ற அவள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். கூப்பிடவில்லை. கூப்பிட்டால் பிள்ளை திரும்பிப் பார்க்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று சொல்ல முடியாது. பிறகு தலை நிமிர்ந்தது. கை இரண்டும் மெதுவாக நெஞ்சை விட்டு இறங்கி, இரண்டு பக்கமும் விரிந்தன. அக்கரையைப் பார்த்துக்கொண்டு ஒரு அடி வைத்தாள். இன்னொரு அடி. வார் கழுத்தில் மாலையாகக் கிடக்க, தலையில் ஒன்றுமில்லாமல் மீதி மரத்தையும் நடந்து முடித்தாள். "வா, வா, பேரெழுதலாம்" என்று வாத்தியார் சத்தம் போட்டுச் சொன்னது எனக்கு மேலே கேட்டது. நான் வாசற்படியில் உட்கார்ந்து, இடுப்புக் குழந்தையோடு சேர்ந்து அழுதேன்.

பத்து மணிக்குத் தாய்மார் குழந்தைகளுக்குப் பால் கொடுக்க வருகிற நேரத்தில் அவள் அம்மாவும் வந்தாள். பால் கொடுக்க அவளுக்குக் குழந்தை இல்லை. கூடையை முதுகிலிருந்து இறக்கி வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

"வாரு கழண்டுச்சே, பாத்தீங்களா தங்கச்சி?"

"பாத்தேன்க்கா."

"அப்புறமும் நடந்தாளே!"

"நடந்தா."

"அது எப்புடி?"

"தெரியலக்கா" என்றேன். உண்மையாகவே தெரியவில்லை.

அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். அந்தச் சின்னக் கூடை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. வேறு ஏதாவது பிள்ளைக்கு உதவும் என்று பத்திரமாக வைத்திருந்தேன். என்னிடம் கேட்காமல் அதை எடுத்தாள். தரையில் வைத்துக் காலால் மிதித்து நொறுக்கினாள். பால் சட்டிக்குக் கீழே ஒவ்வொரு துண்டாகச் செருகினாள். காய்ந்த மூங்கில் படபடவென்று பிடித்துக்கொண்டது. கடைசியாகக் கயிற்றையும் சுருட்டிப் போட்டு, அது எரிந்து முடிகிற வரை குந்தியிருந்து பார்த்தாள்.

பிறகு எழுந்து வாசலுக்குப் போனாள். தன் கூடையைத் தூக்கி முதுகில் போட்டு, கயிற்றை அந்த வழுக்கை விழுந்த இடத்தில் சரியாக மாட்டிக்கொண்டாள். "பாலு பொங்குது, பாருங்க தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, மலைக்கு ஏறிப்போனாள்.